எண்ணும் உரையும்: டீபக் பட்டையில் நிலைச்சொல் காட்டுதல் குறித்த ஆய்வு

சிம்ஃபனி என்பது பி.எச்.பி. மொழியில் வலைத்தளம் கட்டுவோர் கையாளும் ஃபிரேம்வொர்க். 2005-இல் பிரான்சில் பிறந்தது. அதைக் கொண்டு கட்டப்படும் தளத்தின் ஒவ்வொரு பக்கத்து அடியிலும், கட்டுமான வேலை நடக்கும் காலம்வரை, கறுப்புப் பட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வெப் டீபக் டூல்பார் என்பது அதன் முழுப்பெயர். பட்டையின் இடது ஓரத்து முதல் கட்டத்தில் ஓர் எண் இருக்கும். வேலை ஒழுங்காக நடக்கும் நாட்களில் அது பச்சைப் பின்புலத்தில் 200. அதன்மேல் மவுஸைக் கொண்டுபோனால் சிறு பெட்டி ஒன்று மேல்நோக்கி விரியும். பெட்டியின் முதல் வரியில் அதே 200 மறுபடி வரும். இம்முறை பின்னால் இரண்டு எழுத்து கூடியிருக்கும்: ஓகே. அதற்குக் கீழே எந்தக் கன்ட்ரோலர் ஓடியது, எந்த ரூட் பொருந்தியது, செஷன் உண்டா என்பன போன்ற பயனுள்ள செய்திகள் வரிசையாக வரும். அவற்றுக்கும் இந்த ஆய்வுக்கும் தொடர்பில்லை. ஆய்வுப்பொருள் அந்த இரண்டு எழுத்து மட்டுமே.

முதலில் பெயரீடு. சர்வர் அனுப்பும் மூன்று இலக்க எண் இங்கே நிலையெண் எனப்படும். எண்ணைத் தொடர்ந்து வரும் ஆங்கிலத் தொடர் நிலைச்சொல். மூலநூலுக்கும் உரைக்கும் உள்ள உறவே இவ்விரண்டுக்கும் உள்ளது. நிலையெண் நூற்பா, நிலைச்சொல் அதற்கு எழுதிய உரை. உரையில்லாமல் நூற்பா நிற்கும்; நூற்பா இல்லாமல் உரை நிற்காது. ஆனால் படிக்கிறவர்கள் நாடுவது உரையைத்தான். இந்த உறவை மனத்தில் வைத்துக்கொண்டால், பாடபேதம், இடைச்செருகல், பதிப்புப்பிழை என மூலபாட ஆய்வில் வழங்கும் நோய்கள் எல்லாம் இந்தத் துறையிலும் தவறாமல் வந்திருப்பதைக் காணலாம்.

நூற்பாக்கள் ஐந்து இயல்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. 1-இல் தொடங்குவன இடைக்காலத் தகவல், 2 வெற்றி, 3 வேறிடம் போகச் சொல்வது, 4 கேட்டவர் தப்பு, 5 கொடுப்பவர் தப்பு. கடைசி இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு முழுக்க முழுக்கப் பழியைப் பங்கிடும் வேறுபாடு. முன்பக்கம் எழுதுபவரும் பின்பக்கம் எழுதுபவரும் ஒரே அறையில் வேலை செய்யும் அலுவலகங்களில் இதன் பொருள் விளக்கத்தைப் பற்றி அன்றாடம் வாதம் நடக்கிறது.

உரை எழுதும் வழக்கம் வலையைவிட மூத்தது. 1982 ஆகஸ்டில் ஜோனதன் போஸ்டல் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 821 என்னும் இணைய விதி ஆவணம், மின்னஞ்சல் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் முறையை வகுத்தது. அங்கேயே மூன்று இலக்க எண்ணும் பின்னால் ஒரு தொடரும் உண்டு. எண் இயந்திரத்துக்கு, தொடர் மனிதருக்கு என்று வேலைப்பிரிவும் அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு அது நடைமுறைத் தேவை. டெல்நெட் வழியாக 25-ஆம் போர்ட்டுக்குப் போய், கட்டளைகளைக் கையால் தட்டி, வரும் பதிலைக் கண்ணால் படிப்பவர்கள் இருந்தார்கள். 250 என்று மட்டும் வந்தால் திரைமுன் இருப்பவர் கையேட்டைத் தேட வேண்டும். ஓகே என்று கூட வந்தால் தேட வேண்டாம். கோப்பு மாற்றும் எஃப்.டி.பி. முறையிலும் இதே ஏற்பாடுதான்.

1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வலைப்பக்கப் பரிமாற்றத்துக்கு வகுத்த எச்.டி.டி.பி.யின் முதல் வடிவில் எண்ணும் இல்லை, சொல்லும் இல்லை. ஒரு வரியில் கேள்வி. பதிலாக நேரே எச்.டி.எம்.எல். பக்கம். பிழை நேர்ந்தாலும் அதையும் மனிதர் படிக்கும் பக்கமாகவே அனுப்பிவிடுவது. அதாவது முதலில் இருந்தது உரை மட்டும். நூற்பா பிறகு வந்தது. இலக்கிய வரலாற்றில் இப்படி நேர்வது அபூர்வம். 1996 மே மாதத்து ஆர்.எஃப்.சி. 1945, அப்போது நடைமுறையில் இருந்த எச்.டி.டி.பி. 1.0-ஐ எழுத்தில் பதிந்தபோது பதிலின் முதல் வரி இன்றைய உருவில் அமைந்துவிட்டது: பதிப்பு எண், ஓர் இடைவெளி, நிலையெண், இன்னோர் இடைவெளி, நிலைச்சொல், வரிமுடிவு.

இந்த வரியின் இலக்கணத்தில் ஒரு நுட்பம் தனிக் கவனத்துக்குரியது. நிலைச்சொல் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் வரும் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். 200 என எழுதி, ஒரு வெற்றிடம் விட்டு, எதையும் எழுதாமல் வரியை முடிக்க வேண்டும். வராத விருந்தாளிக்கு இலை போட்டு வைக்கும் இந்த மரியாதையை எச்.டி.டி.பி. 1.1 இன்றுவரை கைவிடவில்லை. டாம்கேட் என்னும் சர்வர் 8.5-ஆம் பதிப்பில் நிலைச்சொல் அனுப்புவதை இயல்பாக நிறுத்தி, 9-ஆம் பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டது. அப்போதும் இடைவெளி மிஞ்சியது. அந்த இடைவெளியை எதிர்பார்க்காமல் எழுதப்பட்ட நிரல்களும், சொல்லை எதிர்பார்த்து எழுதப்பட்ட நிரல்களும் அடைந்த குழப்பம் தனி ஆய்வுக்குரியது.

அதிகாரபூர்வமாக நிலைச்சொல்லின் தகுதி மிகக் கீழானது. 2022 ஜூனில் வந்த ஆர்.எஃப்.சி. 9110, தான் தரும் தொடர்கள் பரிந்துரைகள் மட்டுமே என்கிறது. உள்ளூர்ச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம், விட்டும் விடலாம். அதனோடு வந்த 9112, பெறுபவர் இந்தத் தொடரைக் கண்டுகொள்ளாமல் விடுவதே முறை என்கிறது. காரணம், வழியில் யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். அதற்கு ஏழு ஆண்டு முன்னதாகவே, 2015 மே மாதம், எச்.டி.டி.பி. 2 இன்னும் கறாராக நடந்துகொண்டது. அதில் நிலையெண்ணுக்கு இடம் உண்டு, நிலைச்சொல்லுக்கு இடமே இல்லை. எச்.டி.டி.பி. 3-இலும் அப்படியே. பிரவுசரில் ஃபெட்ச் கொண்டு ஒரு பக்கத்தைக் கேட்டு, வந்த பதிலின் ஸ்டேட்டஸ் டெக்ஸ்ட் என்ன என்று பார்த்தால், எச்.டி.டி.பி. 2 சர்வரிலிருந்து வந்ததற்கு வெறும் வெற்றுத்தொடர்தான் கிடைக்கும்.

ஆக, கம்பியில் இல்லாத ஒரு சொல் டீபக் பட்டையில் தெரிகிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதே இந்த ஆய்வின் நடுக்கேள்வி.

விடை சிம்ஃபனியின் ரெஸ்பான்ஸ் கிளாஸில் இருக்கிறது. அதில் நிலையெண்ணையும் நிலைச்சொல்லையும் இணைக்கும் அறுபதுக்கு மேற்பட்ட வரிகள் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு. பல வரிகளின் ஓரத்தில் எந்த ஆர்.எஃப்.சி.யிலிருந்து எடுத்தது என்ற குறிப்பும் இருக்கும், பதிப்பாசிரியர் கவனமானவர். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் தகவல் சேகரிக்கும் நிரல் ஒன்று வந்து பதிலின் நிலையெண்ணைக் கேட்டு வாங்கும். நிலைச்சொல்லைக் கேட்காது. கேட்கவும் முடியாது, பதிலுக்குள் அந்தச் சொல் பதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, அதைக் கேட்டு வாங்கும் வழியே கிளாஸில் இல்லை. ஆகவே சேகரிப்பு நிரல் எண்ணை எடுத்துக்கொண்டு அட்டவணைக்குப் போய், எதிரே என்ன எழுதியிருக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளும். பெட்டியில் தெரிவது இதுவே.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். விலைப்பட்டியல் ஒன்றைத் தேடும் பக்கத்தை எழுதும் நிரலாளர், கேட்ட பட்டியல் இல்லாதபோது வெறும் 404 போதாது என்று எண்ணி, கூடவே "நோ சச் இன்வாய்ஸ்" என்று தாமே ஒரு சொல் சேர்த்து அனுப்புகிறார் என்று கொள்வோம். சிம்ஃபனி இதை அனுமதிக்கிறது. எச்.டி.டி.பி. 1.1-இல் கம்பி வழியே போவது அவர் எழுதிய சொல். எச்.டி.டி.பி. 2-இல் போவது ஒன்றுமில்லை. டீபக் பட்டையில் அவருக்குத் தெரிவது "நாட் ஃபவுண்ட்". ஒரே பதிலுக்கு மூன்று பாடம். மூன்றிலும் டீபக் பட்டையின் பாடம்தான் மற்ற எவருக்கும் போய்ச் சேராதது. டீபக் கருவி என்பது நடந்ததை நடந்தபடி காட்ட வேண்டியது என்ற பொதுக் கருத்துக்கு இது சற்று முரண். எனினும் நிரலாளரின் சொந்த உரையைவிட மரபுரை தெளிவாக இருப்பதே பெரும்பான்மை என்பதால், இதைக் குறையென்று உறுதியாகச் சொல்லவும் இயலவில்லை.

அட்டவணையில் இல்லாத எண் வந்தால் நிலைமை இன்னும் சுவையானது. பதிலைக் கட்டும் நிரல் அத்தகைய எண்ணுக்கு "அன்னோன் ஸ்டேட்டஸ்" என்று எழுதி அனுப்பிவிடும். சேகரிப்பு நிரலோ அதே எண்ணுக்கு எதிரே ஒன்றும் காணாமல் வெறுமனே விட்டுவிடும். தெரியாது என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் மௌனம் சாதிக்கிறார். இருவரும் பார்த்தது ஒரே அட்டவணையை. சிம்ஃபனியின் இந்தப் பகுதியை இரவல் வாங்கி நிற்பது லாரவெல் என்னும் இன்னொரு ஃபிரேம்வொர்க். அது படிவத்தின் பாதுகாப்பு டோக்கன் காலாவதியாகும்போது 419 என்னும் எண்ணைத் தானாக உண்டாக்கிக்கொண்டது. இரவல் அட்டவணையில் 419 கிடையாது. அதனால் பக்கத்தில் "பேஜ் எக்ஸ்பயர்டு" என்று பெரிதாகப் போட்டுவிட்டு, முதல் வரியில் "419 அன்னோன் ஸ்டேட்டஸ்" என்று அனுப்புகிறது. தானே படைத்த எண்ணைத் தனக்கே தெரியாது என்று எழுத்தில் சாட்சி சொல்லும் மென்பொருள் வேறு உண்டா என்று தேடிப் பார்க்கலாம்.

இனிப் பாடபேதங்கள். 302-க்கு 1996-இன் உரை "மூவ்டு டெம்பொரரிலி". 1999 ஜூனில் ஆர்.எஃப்.சி. 2616 வந்தபோது அது "ஃபவுண்ட்" ஆனது. தற்காலிகமாக இடம்பெயர்ந்தது கண்டுபிடிக்கப்பட்டதாக மாறியது ஏன் என்பது, இந்தச் சொல்லை மட்டும் பார்த்து ஊகிக்கக்கூடியது அல்ல. 413-இன் வரலாறு இன்னும் விரிவானது. அனுப்பிய சரக்கு அளவுக்கு மீறிவிட்டது என்பதே எல்லாக் காலத்திலும் பொருள். 1999-இல் "ரிக்வெஸ்ட் என்டிட்டி டூ லார்ஜ்", 2014-இல் "பேலோட் டூ லார்ஜ்", 2022-இல் "கன்டென்ட் டூ லார்ஜ்". சரக்கின் பெயர் இரண்டு முறை மாறியும் பெரிசு என்ற புகார் மாறவில்லை. சிம்ஃபனியின் அட்டவணை புதிய பாடத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே கிளாஸில் அந்த எண்ணுக்கு வைத்த மாறிலியின் பெயரை மாற்ற முடியவில்லை. மாற்றினால் அதை நம்பி எழுதிய பழைய நிரல்கள் எல்லாம் விழும். ஆகவே நிரலில் 1999-இன் சொல்லை எழுதினால் பட்டையில் 2022-இன் சொல் தெரியும். 422-க்கும் இதே கதி: நிரலில் என்டிட்டி, பட்டையில் கன்டென்ட்.

பாடபேதங்களில் எல்லாம் தலைசிறந்தது 425-க்கு உரியது. இன்று அதன் நிலைச்சொல் "டூ எர்லி", 2018-இல் ஆர்.எஃப்.சி. 8470 தந்தது. அதற்கு முந்தைய சிம்ஃபனிப் பதிப்புகளில் 425-க்கு எதிரே இருந்த தொடர்: "ரிசர்வ்டு ஃபார் வெப்டேவ் அட்வான்ஸ்டு கலெக்‌ஷன்ஸ் எக்ஸ்பயர்டு ப்ரொபோசல்". ஆங்கிலத்தில் இடைவெளியும் சேர்த்து 57 எழுத்து. இது நிலைச்சொல்லே அல்ல. காலாவதியான ஒரு முன்மொழிவுக்காக இந்த எண்ணை ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று ஓரத்தில் எழுதிய நிர்வாகக் குறிப்பு. ஏடு பெயர்த்தெழுதுபவர் ஓரக்குறிப்பை மூலத்தோடு சேர்த்து எழுதிவிடுவது சுவடித் துறையில் தெரிந்த பிழை. அது இங்கே நடந்தது மட்டுமல்ல, அந்த 57 எழுத்தும் பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு, மாறிலியின் பெயராகவும் ஆனது. அதை நிரலில் எழுதியவர் எவரேனும் உண்டோ இல்லையோ, எழுதியிருந்தால் பட்டையின் பெட்டி பக்கவாட்டில் நீண்டிருக்கும் என்பது மட்டும் உறுதி.

நீளம் வெறும் வேடிக்கை அல்ல. நிலைச்சொல்லைப் பட்டையிலேயே எப்போதும் காட்டாமல், மவுஸ் போனால் விரியும் பெட்டிக்குள் வைத்ததற்கு இடநெருக்கடி போதுமான காரணம். பட்டையில் நேரம், நினைவகம், டேட்டாபேஸ் வினவல், உள்நுழைந்தவர் பெயர் என்று பலதும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. இன்றைய அட்டவணையில் மிகக் குறுகிய நிலைச்சொல் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துடைய ஓகே. மிக நீண்டதற்கு இருவர் போட்டி: 431-இன் "ரிக்வெஸ்ட் ஹெட்டர் ஃபீல்ட்ஸ் டூ லார்ஜ்", 511-இன் "நெட்வொர்க் ஆத்தென்டிகேஷன் ரிக்வயர்டு". இரண்டும் இடைவெளி சேர்த்து மிகச் சரியாக 31 எழுத்து. இரண்டும் 2012-இன் ஆர்.எஃப்.சி. 6585-இலேயே ஒன்றாகப் பிறந்தவை. சமநிலையை முறிக்க வழியில்லை.

இடைச்செருகல் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது 418. 1998 ஏப்ரல் 1 அன்று லாரி மாசின்டர் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 2324, காபி போடும் இயந்திரத்தை இணையம் வழியே இயக்கும் முறையை வகுத்தது. தேநீர்க் கெண்டியிடம் காபி கேட்டால் அது 418 என்று பதில் சொல்லி, நான் ஒரு தேநீர்க் கெண்டி என்று அறிவிக்கும். வெளியான தேதியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் நிரலாளர்கள் அந்த எண்ணை எல்லா மென்பொருளிலும் போட்டுவிட்டார்கள். 2017-இல் அதை நீக்கச் சொல்லி வேண்டுகோள் எழுந்தபோது எதிர்ப்பு பலமாக வந்தது, வேண்டுகோள் தோற்றது. ஆர்.எஃப்.சி. 9110 அந்த எண்ணை எதற்கும் பயன்படாதது என்று குறித்து ஒதுக்கிவைத்தது. அதாவது வேறு யாருக்கும் தர முடியாதபடி விளையாட்டுக்காரர்கள் அந்த இருக்கையில் துண்டு போட்டுவிட்டார்கள். சிம்ஃபனியின் அட்டவணை ஓரக்குறிப்புடன் கெண்டியை முழுமையாகக் காப்பாற்றுகிறது. பட்டையில் அது சிவப்பில் தெரியும். நகைச்சுவைக்கென்று தனி நிறம் வகுக்கப்படவில்லை.

நிறத்தைப் பற்றி. விதி எளியது: 300-க்குக் கீழே பச்சை, 300 முதல் 399 வரை மஞ்சள், 400 முதல் சிவப்பு. எளிமையால் சில அநீதிகளும் உண்டு. இல்லாத பக்கத்தைக் கேட்டால் 404 வருகிறதா என்று சோதிப்பவருக்கு 404 வந்தால் அது வெற்றி. ஆனால் பட்டை சிவக்கும். உள்ளே முழுக்கப் பிழைச்செய்தி வைத்து வெளியே 200 என்று போட்டு அனுப்பும் வழக்கம் உடையவர்களின் பக்கமோ பச்சையாகச் சிரிக்கும். மேலும் வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிவது கடினம். அவர்களுக்கு நிறம் உதவாது. எண்ணும் சொல்லும்தான் துணை. சொல்லை அலங்காரம் என்று ஒதுக்குவோர் இதற்குப் பதில் சொல்வதில்லை.

சொல் யாருக்குத் தேவை என்பதிலும் கருத்து பிளவுபடுகிறது. 200, 302, 404, 500 ஆகிய நான்கும் தொழிலில் உள்ள எவருக்கும் மனப்பாடம். இந்த நான்குக்கும் சொல் காட்டுவது, வீட்டுக்காரருக்கே அவர் வீட்டு முகவரி சொல்வது. நடுத்தட்டில்தான் ஆட்டம் காண்கிறது. 409-க்கும் 412-க்கும் உள்ள வேறுபாட்டை, 307-க்கும் 308-க்கும் உள்ள வேறுபாட்டைப் பத்தாண்டு அனுபவமுள்ளவரும் ஒரு நொடி தயங்கித்தான் சொல்வார். பெட்டி விரியும் நேரம் அந்தத் தயக்கத்தைவிடக் குறைவு. 401 தனி வழக்கு: அதன் சொல் "அன்ஆத்தரைஸ்டு", ஆனால் பொருள் நீ யார் என்று முதலில் சொல் என்பது, உனக்கு அனுமதியில்லை என்று சொல்ல 403 இருக்கிறது. இங்கே உரையே வழிதவறச் செய்கிறது, எண்ணை மட்டும் நம்பியவர் தப்பிக்கிறார்.

இவ்வளவு பேசிய பிறகு ஓர் உண்மையைக் குறிப்பிட வேண்டியுள்ளது. அட்டவணையில் உள்ள சொற்களில் ஒரு பகுதி தன் சொந்தப் பக்கத்துப் பட்டையில் தோன்றவே முடியாது. பட்டை எச்.டி.எம்.எல். பக்கத்தின் பாடி முடியும் இடத்தில் செருகப்படுவது. 204-க்கு உள்ளடக்கமே கிடையாது, செருக இடமில்லை. 304-க்கும் இல்லை. 1-இல் தொடங்குவன இறுதிப் பதில்களே அல்ல. ஜேசன் அனுப்பும் ஏபிஐக்குப் பட்டை வராது. 302 வந்தால் பிரவுசர் உடனே அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். முந்தைய தாவலின் விவரத்தை அடுத்த பக்கத்துப் பெட்டிக்குள் ஒரு குறிப்பாகச் சேர்த்துத்தான் சிம்ஃபனி ஈடுகட்டுகிறது. மஞ்சள் நிறம் பட்டையில் அரிதாகத் தென்படுவதன் காரணம் இதுவே. மற்றவற்றைக் காண, ஒவ்வொரு பதிலின் ஹெட்டரிலும் அனுப்பப்படும் டோக்கனைக் கொண்டு, சேகரித்த விவரங்களைக் காட்டும் புரொஃபைலர் பக்கத்துக்குத்தான் போக வேண்டும்.

எஞ்சியிருப்பது எல்லை பற்றிய கேள்வி. தெரியாத எண் வந்தால் அதன் முதல் இலக்கத்தைப் பார்த்து அந்த இயலின் தலை எண்ணாகக் கொள்ள வேண்டும் என்பது எச்.டி.டி.பி. விதி: 471 வந்தால் 400 போல நடத்து. பட்டையின் நிறம் இந்த விதிக்குக் கட்டுப்படுகிறது. 471 சிவப்பாகவே தெரியும். சொல் மட்டும் கட்டுப்படாமல் வெறுமையாக நிற்கிறது. அவ்விடத்தில் இயலின் பெயரையாவது போடலாம். செலவு ஒரு வரி. 599 வரை இப்படி. 600-ஐ நிலையெண்ணாக வைக்க முயன்றால் ரெஸ்பான்ஸ் கிளாஸ் அதை ஏற்காமல், இந்த எண் செல்லாது என்று எக்ஸெப்ஷன் எறியும். எறிந்ததை யாரும் பிடிக்காவிட்டால் பிழைப்பக்கம் வரும். அப்பக்கத்தின் அடியில் பட்டையும், பட்டையின் முதல் கட்டத்தில் சிவப்பில் 500-உம், பெட்டி விரிந்தால் "இன்டர்னல் சர்வர் எரர்" என்ற சொல்லும் இருக்கும்.